தெரிந்த சொல்தான் காலை வாரும்: நர்சிங் நுழைவுத் தேர்வுக்குச் சொற்கள் படிப்பது

கேள்வி: அக்கா, நான் திருநெல்வேலிப் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் விலங்கியலில் பட்டம். கல்யாணமாகி டெக்சாஸ் வந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இங்கே கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேரலாம் என்று ஹெசி ஏ2 தேர்வு எழுதினேன். கணக்கு, உயிரியல் எல்லாம் நன்றாக வந்தது, வொக்காபுலரியில் மட்டும் 62. கல்லூரி ஒவ்வொரு பகுதியிலும் 75 கேட்கிறது. மறுபடி எழுத ஆறு வாரம் இருக்கிறது. இன்டர்நெட்டில் கிடைத்த 1000 சொல் பட்டியலை ஒரு நாளைக்கு 30 வீதம் மனப்பாடம் செய்கிறேன். நாலாம் நாள் பார்த்தால் முதல் நாள் படித்தது மறந்து போயிருக்கிறது. தமிழில் அர்த்தம் எழுதிப் படித்தால் இங்கிலீஷ் வராது என்று தோழி சொல்கிறாள். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு இது சரிப்பட்டு வருமா? 90 டாலருக்கு ஓர் ஆன்லைன் வகுப்பு இருக்கிறது, சேரலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

சரிப்பட்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தப் பயம்தான் இருக்கிறது. நான் இங்கே நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறவள். உங்களைப் போலவே ஊரில் தமிழில் படித்துவிட்டு வந்தவர்களை வகுப்பிலும் வார்டிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது பிரச்சினையே இல்லை, எதைப் படிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்த 62-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஹெசி ஏ2 வொக்காபுலரியில் மதிப்பெண்ணுக்குச் சேர்கிற கேள்விகள் 50. (சேராத சோதனைக் கேள்விகளும் சில கலந்து வரும், எது என்று நமக்குத் தெரியாது, கவலைப்பட வேண்டாம்.) 62 சதவீதம் என்றால் 31 சரி. 75-க்கு 38 சரியாக இருக்க வேண்டும். ஆக உங்களுக்குக் குறைவது ஏழு கேள்வி. ஏழே ஏழு. இதற்கு எதற்கு ஆயிரம் சொல் பட்டியல்? அதை இன்றைக்கே மூடி வையுங்கள். எங்கிருந்தோ ஒட்டி வெட்டிச் சேர்த்த பட்டியல்களில் பாதி, பெரிய பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கான இலக்கியச் சொற்கள். நர்சிங் தேர்வில் அவை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. ஹெசி தேர்வை நடத்தும் எல்சேவியர் நிறுவனமே ஒரு தயாரிப்பு நூல் போட்டிருக்கிறது. அதில் வொக்காபுலரிக்குத் தனி அத்தியாயம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள், பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் புழங்குபவை. அதுதான் உங்கள் அடிப்படைப் பாடம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீளமான, வாயில் நுழையாத மருத்துவச் சொற்களில்தான் மதிப்பெண் போகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அங்கே போவது கொஞ்சம்தான். "இது எனக்குத் தெரியும்" என்று தாண்டிப் போகிற சின்னச் சின்னச் சொற்களில்தான் மதிப்பெண் கொட்டுகிறது. 'பேட்டன்ட்' என்று பார்த்தவுடன் நமக்குக் காப்புரிமை ஞாபகம் வரும், மஞ்சள் பேட்டன்ட், வேம்பு பேட்டன்ட் என்று ஒரு காலத்தில் பேப்பரில் படித்திருக்கிறோம் இல்லையா. வார்டில் ஐ.வி. லைன், அதாவது ரத்தக் குழாயில் மருந்து ஏற்றும் குழாய், பேட்டன்டாக இருக்கிறது என்றால் அடைப்பில்லாமல் திறந்திருக்கிறது என்று பொருள். 'வாய்ட்' என்றால் வெறுமை, செல்லாதது என்று படித்திருப்போம். ஆபரேஷன் முடிந்து வந்தவர் இன்னும் வாய்ட் செய்யவில்லை என்று நர்ஸ் சொன்னால் இன்னும் சிறுநீர் கழிக்கவில்லை என்று அர்த்தம், அது கவனித்து மேலே சொல்ல வேண்டிய சங்கதி. 'டிப்ரஸ்' என்றால் மனச்சோர்வு என்றே நாக்கு நுனியில் நிற்கும், ஆனால் மார்ஃபின் மாதிரி மருந்து மூச்சை டிப்ரஸ் செய்கிறது என்றால் மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் குறைக்கிறது என்று பொருள். 'காஸ்ட்' என்றால் வார்டில் எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு. 'அக்யூட்' என்பதைக் கடுமையானது என்றே நம் செய்திகளில் எழுதிப் பழகிவிட்டார்கள், தேர்வில் அது திடீரென்று வந்தது, குறுகிய காலத்தது. அதற்கு எதிர்ப்பதம் லேசானது என்று போட்டால் தப்பு, நாள்பட்டது, அதாவது 'க்ரானிக்' என்று போட வேண்டும்.

'சைன்', 'சிம்டம்' இரண்டையும் அறிகுறி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். நர்ஸுக்கு அவை இரண்டும் வேறு. நோயாளி தன் வாயால் சொல்வது சிம்டம்: தலை சுற்றுகிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் பார்த்தோ தொட்டோ அளந்தோ கண்டுபிடிப்பது சைன்: பிபி 90-க்கு 60, உடம்பில் தடிப்பு, காய்ச்சல் 102. இந்த வித்தியாசம் புரிந்தவர் நோயாளியின் பதிவேட்டில் எதை எங்கே எழுதுவது என்பதையும் சேர்த்துப் படித்துவிட்டார்.

இது ஒன்றும் உங்களுக்குப் புதிய வித்தை இல்லை. நம்மூர் டாக்டர் "என்னம்மா கம்ப்ளெயின்ட்?" என்று கேட்டால் யாரும் போலீஸ் ஸ்டேஷனை நினைப்பதில்லை. கொரோனா வந்த பிறகு டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் நல்ல செய்தி என்று எந்தப் பாட்டியும் நினைப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குள் போனால் சொல்லின் பொருள் மாறும் என்பது நமக்குப் பழகிய விஷயம்தான். ஆகவே அந்த அத்தியாயத்தைத் திறந்ததும் முதல் வேலையாக, தெரியாத சொற்களை விட்டுவிட்டு, தெரியும் என்று நினைக்கிற சொற்களுக்கு எல்லாம் நீங்களே ஒரு பொருள் எழுதுங்கள். எழுதிய பிறகு புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே சிவப்பில் வட்டம் போடுங்கள். அந்த ஏழு கேள்வியில் பாதி அந்த வட்டங்களுக்குள்ளேயே கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

அடுத்தது பிரிக்க முடிகிற சொற்கள். பத்தாம் வகுப்புத் தமிழில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்பீர்கள்: பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி. அதே கைவேலைதான் இங்கேயும். 'சப்' கீழே, 'லிங்குவல்' நாக்கு சம்பந்தப்பட்டது, ஆக சப்லிங்குவல் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, நெஞ்சுவலிக்காரர்கள் வைத்துக்கொள்வார்களே அது. 'ட்ரான்ஸ்' ஊடாக, 'டெர்மல்' தோல், ஆக ட்ரான்ஸ்டெர்மல் தோல் வழியாக உள்ளே போகும் மருந்து. 'கான்ட்ரா' எதிராக, கான்ட்ராஇன்டிகேஷன் என்றால் இந்த மருந்தை இந்த ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கான காரணம்.

இதில்தான் உங்கள் தமிழ் மீடியம் உங்களுக்குத் துணைக்கு வருகிறது, அதுவும் விலங்கியல். கணுக்காலிகள், முட்தோலிகள், வயிற்றுக்காலிகள், தலைக்காலிகள், அரைநாணிகள் என்றெல்லாம் படித்தீர்களே, அவை ஒவ்வொன்றும் அந்தக் கிரேக்கப் பெயரின் உறுப்புகளை அப்படியே தமிழில் வைத்தது. ஆர்த்ரோபோடாவில் ஆர்த்ரோ மூட்டு: ஆர்த்ரைட்டிஸ் மூட்டு அழற்சி. எக்கைனோடெர்மேட்டாவில் டெர்ம் தோல்: டெர்மடைட்டிஸ் தோல் அழற்சி, மேலே பார்த்த ட்ரான்ஸ்டெர்மலும் அதுதான். காஸ்ட்ரோபோடாவில் காஸ்ட்ரோ வயிறு: காஸ்ட்ரோஇன்டெஸ்டைனல், வயிறும் குடலும் சம்பந்தப்பட்டது. செஃபலோபோடாவில் செஃபலோ தலை: ஹைட்ரோசெஃபலஸ், தலைக்குள் நீர் தேங்குவது. ஹெமிகார்டேட்டாவில் ஹெமி பாதி: ஹெமிப்ளீஜியா, உடம்பில் ஒரு பக்கம் செயலிழந்துவிடுவது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் வெறும் சத்தமாகவே போயிருக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்குத் தலைக்காலி என்று அர்த்தத்தோடு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பழைய நோட்டு ஊரில் பரணில் கிடந்தால் தங்கையையோ தம்பியையோ விட்டு அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் குழப்பும். ஒரே உறுப்புக்குக் கிரேக்கத்திலிருந்து ஒரு வேர், லத்தீனிலிருந்து ஒரு வேர் என்று இரண்டு இருக்கும். சிறுநீரகத்துக்கு நெஃப்ரோவும் உண்டு, ரீனலும் உண்டு. நுரையீரலுக்கு நியூமோ, பல்மோ. தோலுக்கு டெர்ம், க்யூட்டேனியஸ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே அட்டையில் எழுதிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

சரி, தமிழில் அர்த்தம் எழுதலாமா? உங்கள் தோழி சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் அகராதித் தமிழ் வேண்டாம், வீட்டுத் தமிழ் எழுதுங்கள். 'ப்ரோக்னோசிஸ்' என்பதற்கு முன்கணிப்பு என்று எழுதினால் இரண்டு தெரியாத சொற்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எட்டியாலஜி என்றால் எதனால் வந்தது, டயக்னோசிஸ் என்றால் என்ன வந்திருக்கிறது, ப்ரோக்னோசிஸ் என்றால் இனி எப்படிப் போகும். மூன்று கேள்வி, மூன்று சொல், ஒரே அட்டை. 'இன்டர்மிட்டன்ட்' விட்டு விட்டு வருவது, நம் அம்மாக்கள் காய்ச்சலைப் பற்றிச் சொல்லும் அதே வார்த்தை. 'டிஸ்டெண்டட்' வயிறு உப்பிக் கிடப்பது. 'லெதார்ஜிக்' எழுப்பினாலும் கண்ணைத் திறக்கச் சோம்பும் அளவுக்குத் துவண்டு கிடப்பது. 'பராக்சிஸ்மல்' திடீரென்று பிடித்துத் திடீரென்று விடுவது. 'லேபைல்' ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்குவது, பிபியையும் சொல்வார்கள், மனநிலையையும் சொல்வார்கள். 'எக்ஸாசர்பேட்' இருக்கிற நோயைக் கிளறி அதிகமாக்குவது. 'இன்சிடியஸ்' வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே பரவி வருவது.

'லேட்டன்ட்' என்பது உள்ளே உறங்கிக் கிடப்பது. இதை மறக்கவே மாட்டீர்கள், ஏனென்றால் நர்சிங்கில் சேரும்போது உங்களுக்கே டிபி பரிசோதனை செய்வார்கள். சின்ன வயதில் பிசிஜி என்ற டிபி தடுப்பூசி போட்ட நமக்குத் தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட், நோய்க்கிருமி இல்லாவிட்டாலும் பாசிட்டிவ் காட்டலாம். ரத்தப் பரிசோதனையில் அந்தச் சிக்கல் இல்லை. அதனால் பிசிஜி போட்டிருப்பதை முன்கூட்டியே சொல்லி, ரத்த டெஸ்ட் எடுக்கலாமா என்று கேளுங்கள். லேட்டன்ட் டிபி என்றால் என்ன என்று அன்றைக்கு அந்த ஃபாரத்தில் உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

தமிழில் எழுதக் கூடாதது ஒன்று உண்டு, உச்சரிப்பு. அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நம் எழுத்தில் சில ஆங்கிலச் சொற்களை எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இலியம் என்று எழுதி வைத்தால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியா, இடுப்பெலும்பா? ஆங்கிலத்தில் நடுவில் ஈ இருந்தால் (ileum) குடல், ஐ இருந்தால் (ilium) எலும்பு, தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. டிஸ்க்ரீட் என்பதும் அப்படித்தான், கடைசியில் ஈ இரண்டும் ஒட்டி நின்றால் (discreet) ரகசியம் காப்பது, நடுவில் டீ வந்து பிரித்தால் (discrete) தனித்தனியானது. தேர்வில் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது. டைலேட் விரிவது, டைல்யூட் நீர்க்கச் செய்வது. டிஸ்ஃபேஜியா விழுங்கச் சிரமம், டிஸ்ஃபேசியா பேசச் சிரமம். பால்பேட் கையால் தொட்டுப் பார்ப்பது, பால்பிடேட் நெஞ்சு படபடப்பது. திரையில் நீங்கள் பார்க்கப் போவது ஆங்கில எழுத்தை, ஆகையால் கண்ணுக்கு அந்த எழுத்துத்தான் பழக வேண்டும். இந்தப் பழக்கம் தேர்வோடு முடிவதும் இல்லை. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது, ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்தைக் குறைப்பது. எழுத்து ஒன்றிரண்டு மாறினால் ஒரு மனிதரின் பிபி கீழே விழுந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பொறுமையை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் மல்லுக்கட்டுவது அதனால்தான்.

மறப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். நாலாம் நாள் மறப்பது உங்கள் குறை இல்லை, மனித மூளை அப்படித்தான். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன் நினைவாற்றலைத் தானே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதி வைத்த விஷயம். மருந்தும் அப்போதிருந்து தெரிந்ததே: இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது. ஒரு நாளைக்கு 30 வேண்டாம், எட்டுப் பத்துப் புதிய சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. முன்பக்கம் தனிச் சொல்லாக எழுதாமல் ஒரு முழு ஆங்கில வாக்கியமாக எழுதி, அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள், ஏனென்றால் பல கேள்விகள் அப்படித்தான் வரும், வாக்கியத்துக்குள் வைத்து இதற்குப் பொருள் என்ன என்று. பின்பக்கம் எளிய ஆங்கிலத்தில் பொருள், அதன் கீழே வீட்டுத் தமிழ். மறுநாள் பாருங்கள், சரியாக வந்தால் மூன்று நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்து, அப்புறம் இரண்டு வாரம். தப்பினால் அந்த அட்டை மறுபடி முதல் நாளுக்கு வர வேண்டும். அட்டையைத் திருப்புவதற்கு முன் பதிலை வாய்விட்டுச் சொல்லுங்கள். திருப்பிப் பார்த்துவிட்டு "ஆமா, தெரியும்" என்று தலையாட்டுவதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது. போனில் வேண்டுமானால் ஆங்கி என்ற செயலி இதே வேலையைச் செய்யும், ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் இலவசம், ஐபோனில் காசு. எனக்குக் கையால் எழுதுவதுதான் பிடிக்கும், எழுத்தும் மனதில் பதியும். நான்கு வாரத்தில் அத்தியாயம் முடிந்துவிடும், மீதி இரண்டு வாரம் முழுக்க மாதிரித் தேர்வுகளும் சிவப்பு வட்டங்களும்தான்.

பிரிக்கவும் முடியாது, உடம்போடு பொருத்தவும் முடியாது என்று சில சொற்கள் இருக்கின்றன. கர்சரி (மேலோட்டமான), ஆமினஸ் (கெட்டது வரப்போவதைக் காட்டுகிற), அன்டுவர்ட் (எதிர்பாராத, பாதகமான), கன்டின்ஜென்ட் (வேறொன்றைப் பொறுத்த), இம்பென்டிங் (சீக்கிரமே நடக்கவிருக்கிற) மாதிரி. இவை படித்துப் படித்துத்தான் பழகும். மெட்லைன்பிளஸ் என்று அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இலவச இணையதளம் இருக்கிறது, எளிய ஆங்கிலம், தினம் ஒரு நோயைப் பற்றிப் படியுங்கள், அம்மாவின் சுகர், மாமனாரின் மூட்டுவலி என்று உங்களுக்கு அக்கறை உள்ளதிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டில் டைலனால் டப்பா இருக்கும் இல்லையா, நம்மூர் பாராசிட்டமால்தான், இங்கே அசிட்டமினோஃபென் என்பார்கள். அதன் பின்பக்கத்தை ஒரு தடவை முழுதாகப் படித்துப் பாருங்கள். யார் எடுக்கக் கூடாது, எப்போது நிறுத்த வேண்டும், கல்லீரலுக்கு என்ன ஆகும் என்று தேர்வு கேட்கும் பாணியிலேயே எழுதியிருக்கும்.

தேர்வு அறையில் ஒரு பழக்கம் வேண்டும். வாக்கியத்தைப் படித்ததும் விடைகளைப் பார்க்காதீர்கள். அடிக்கோடிட்ட சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லை வையுங்கள், தமிழ்ச் சொல் ஆனாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு நான்கு விடைகளில் அதற்குக் கிட்ட எது என்று பாருங்கள். முதலிலேயே விடைகளைப் பார்த்தால், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் தப்பான சொல் கண்ணை இழுத்துவிடும். ஒரு கேள்விக்கு விடை கொடுத்து நகர்ந்துவிட்டால் ஹெசியில் பொதுவாகத் திரும்பிப் போக முடியாது, ஆகவே அங்கேயே முடிவெடுங்கள், போனதைப் பற்றி அடுத்த கேள்வியில் யோசிக்காதீர்கள்.

இன்னும் இரண்டு காரியம். கல்லூரி அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டு, மறுதேர்வில் வொக்காபுலரி மட்டும் எழுதினால் போதுமா, எல்லாப் பகுதிகளையும் ஒரே அமர்வில் எழுத வேண்டுமா என்று கேளுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி இது மாறும். எல்லாம் எழுத வேண்டும் என்றால் கணக்கையும் கொஞ்சம் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே வேறு கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் அவர்கள் டீஸ் என்ற இன்னொரு நர்சிங் நுழைவுத் தேர்வைக் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். அதில் வொக்காபுலரிக்குத் தனிப் பகுதி கிடையாது, ஆங்கிலப் பகுதியில் 37 கேள்வி, 37 நிமிடம், அதற்குள் இலக்கணத்தோடு சேர்ந்து வரும். வேர்ச்சொல் பிரிக்கும் பழக்கம் அங்கேயும் கை கொடுக்கும்.

90 டாலர் வகுப்பு வேண்டாம். ஏழு கேள்விக்காக அவ்வளவு செலவு தேவையில்லை, அந்தப் பணம் ஸ்டெதஸ்கோப்புக்கு ஆகும். உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் கார்டு இலவசம். ஹெசி தயாரிப்பு நூல் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வேறு கிளையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். ஒரு பதிப்பு பழையதாக இருந்தாலும் தயங்காமல் எடுங்கள், வொக்காபுலரி அத்தியாயம் பதிப்புக்குப் பதிப்பு பெரிதாக மாறுவதில்லை.